பண்ணை வேலையும் பூசையும் ஒரே சொல்

எபிரேயம் படித்தேன் என்று சொன்னால் வேளாங்கண்ணியில் எங்கள் தெருவில் இரண்டு விதமாகக் கேட்பார்கள். "அதப் படிச்சா எவன் வேல குடுப்பான்?" என்பது ஒன்று. "மாதா பேசுன பாசையா தம்பி?" என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் சரியான கேள்வி. சேலை உடுத்தி, தேரில் வைத்து நாம் தூக்குகிற ஆரோக்கிய மாதா ஒரு யூதப் பெண். பெயர் மிரியாம். வீட்டில் பேசியது அரமேயம், காதில் கேட்ட வேதம் எபிரேயம். இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

யூத மொழியையும் சமயத்தையும் தமிழ்நாட்டில் முறையாகப் படிப்பதென்றால் பெரும்பாலும் இறையியல் கல்லூரிக்குள்தான் போகவேண்டும். நான் படித்த பாடத்தில் எபிரேயம் பழைய ஏற்பாட்டுக்கு ஒரு ஏணி, அவ்வளவுதான். யூத சனங்கள் இயேசு பிறந்ததோடு முடிந்துபோனவர்கள் மாதிரி. தல்மூது இல்லை, இத்திஷ் இல்லை, கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிய பாட்டுகள் இல்லவே இல்லை.

இந்தப் பழக்கம் பழசு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஜெர்மனியில் ஹாலேயில் படித்தவர். அதே ஹாலேயில் 1728இல் காலன்பெர்க் என்பவர் யூதர்களை மதம் மாற்றுவதற்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார். இத்திஷ் சொல்லிக்கொடுத்தார், இத்திஷிலேயே பிரசுரங்கள் அச்சடித்தார். தமிழனுக்குத் தமிழ், யூதனுக்கு இத்திஷ். அகராதியும் இலக்கணமும் அச்சும் கிடைத்தன, நன்றி சொல்லலாம். ஆனால் படிக்கப்படுகிறவன் திருப்பிக் கேட்க அந்தப் படிப்பில் இடம் வைக்கவில்லை. தரங்கம்பாடி மிஷனில் 1733இல் முதல் தமிழ்ப் போதகராகக் குருப்பட்டம் பெற்றவர் வேளாளரான ஆரோன். ஊர் ஊராகச் சபை வளர்த்த பறையர் சமூகத்து உபதேசியார் ராஜநாயக்கனுக்குக் கடைசிவரை பட்டம் இல்லை. அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் ஒப்பமாட்டார்களாம்.

சரி, சொல்லுக்கு வருவோம். எபிரேயத்தில் அயின், பேத், தாலெத் என்று மூன்றெழுத்து வேர் ஒன்று உண்டு. எகிப்தில் செங்கல் அறுக்கச் சொல்லி மன்னன் சனங்களிடம் வதைத்து வாங்கியது 'அவோதா'. அங்கிருந்து தப்பி மலைக்குப் போய்க் கடவுளுக்குச் செய்வதும் அதே வேர்தான். அடிமை 'எபெத்'. மோசேயும் கடவுளின் 'எபெத்'. தமிழ் வேதாகமத்தில் என்ன ஆனது? பழைய மொழிபெயர்ப்பில் மன்னனுக்குச் செய்தது வேலை, கடவுளுக்குச் செய்வது ஆராதனை. எகிப்தில் கிடந்தவன் அடிமை, மோசே தாசன். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ஆராதனையை வழிபாடு என்று ஆக்கியது, பிரிவினை அப்படியே இருக்கிறது.

தப்பு என்று சொல்லமுடியாது. ஒவ்வொரு இடத்திலும் பொருள் சரி. ஆனால் யாத்திராகமத்தின் சண்டையே இந்த ஒரு சொல்லுக்குள்தான் நடக்கிறது. இந்த உடம்பின் உழைப்பு யாருக்குச் சொந்தம்? மன்னனுக்கு ஆளாக இருக்கிறவன் கடவுளுக்கு ஆளாக முடியாது, அதனால்தான் 'எங்களைப் போகவிடு' என்ற கோரிக்கை. தமிழில் சொல்லைத் துண்டுபோட்டதும் வேலை வயலுக்குப் போய்விட்டது, ஆராதனை கோயிலுக்குப் போய்விட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிட்டது. சாதிக் கிறிஸ்தவனுக்கு இது வசதி. வாரம் முழுக்கப் பண்ணை, ஞாயிற்றுக்கிழமை பூசை.

எங்கள் சனங்களின் வாய் அப்படிப் பிரிக்கவில்லை. காவிரிப் படுகையில் நிலக்காரன் 'ஆண்டை'. சாமி 'ஆண்டவர்'. என் தாத்தா காலையில் ஒரு வாசலில் நின்று "ஆண்டே" என்றார், மாலையில் இன்னொரு வாசலில் முட்டிபோட்டு "ஆண்டவரே" என்றார். சவுக்கடியும் சாணிப்பாலும் கதையல்ல. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்கு நிலைமை இருந்தது. எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியது 1968 டிசம்பர் 25 இரவு, கிறிஸ்துமஸ் இரவு. அந்தச் சண்டையும் கூலி எவ்வளவு, உழைக்கிறவன் யாருடைய ஆள் என்பதுதான். 'எபெத்' என்பதைப் 'பண்ணையாள்' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தால் வெண்மணியை ஒட்டிய கோயில்களில் யாத்திராகமம் வேறு மாதிரி கேட்டிருக்கும். 'ஊழியம்' என்ற சொல்லுக்கும் இதே கதி. திருவிதாங்கூரில் அது கூலியில்லாத கட்டாய வேலையின் பெயர். இன்றைக்கு மைக் பிடிக்கிறவர் ஊழியக்காரர்.

நம்மவர்கள் பக்கத்துக் கணக்கையும் பார்க்கவேண்டும். அர்விந்த் நிர்மல், அலைந்து திரிந்த அரமேயனை மூதாதையாகச் சொல்லும் உபாகமம் 26ஐ எடுத்து அதன்மேல் தலித் இறையியலைக் கட்டினார். அது நல்ல வாசிப்பு. ஜேம்ஸ் மாசி இன்னும் ஒரு படி போய், 'தலித்' என்ற சொல்லுக்கும் எபிரேயத்தின் 'தல்' என்ற சொல்லுக்கும் உறவு சொன்னார். அவர்மேல் மரியாதை உண்டு, ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை. சமஸ்கிருத வேருக்குப் பிளத்தல், நொறுங்குதல் என்று பொருள். எபிரேய வேருக்குத் தாழத் தொங்குதல், மெலிதல். மொழிக்குடும்பமே வேறு. ஓசை ஒத்துப்போனால் சொந்தமாகிவிடுமா? ஓசையை வைத்து வேதத்திலிருந்து எதை வேண்டுமானாலும் உருவிக்காட்டுகிறவர்களை நாம் கேலி செய்கிறோம். அதே வேலையை நாமும் செய்யவேண்டியதில்லை.

உறவு இல்லாமலே 'தல்' நமக்குப் போதுமானது. சாமுவேலின் தாய் அன்னாள் பாடுகிற பாட்டில் கடவுள் தூக்கிவிடுகிறவன் இந்தத் 'தல்'தான், எங்கள் பேச்சில் வத்திப்போன ஆள். அவன் கிடக்கிற புழுதிக்குப் பக்கத்திலேயே 'அஷ்போத்' வருகிறது. குப்பைமேடு என்று சொல்லலாம். மரியாள் பாடியதாக லூக்கா எழுதியது இந்தப் பாட்டை அடியொற்றித்தான். ஒவ்வொரு செப்டம்பர் திருவிழா முடிந்ததும் வேளாங்கண்ணிக் கடற்கரையில் குப்பை அள்ளுகிறவர்கள் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

உறவு தேடுவது மாசியோடு நிற்கவில்லை. ஆந்திராவில் குண்டூர்ப் பக்கம் கொத்தரெட்டிப்பாளையத்தில் மாதிகா குடும்பங்கள் தங்களை எப்பிராயீம் கோத்திரத்து யூதர் என்கிறார்கள், எபிரேயம் கற்கிறார்கள். யூலியா எகோரோவாவும் ஷாகித் பெர்வேஸும் 2013இல் அவர்களைப் பற்றிப் புத்தகமே எழுதினார்கள். சாதியிலிருந்து வெளியேற அவர்கள் எடுத்த வழி அது, கேலி பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் யூதராகிவிட்டால் சாதி விட்டுவிடும் என்று நினைத்தால் கொச்சியைப் பார்க்கவேண்டும். அங்கே 1568இல் கட்டிய பரதேசி யூதர் செபக்கூடத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வம்சத்தார் அந்தக் காலத்தில் பெஞ்சில் உட்காரக்கூடாது என்றிருந்தது, முன்கூடத்தில் தரையில் உட்காரவேண்டியிருந்தது. அந்த வம்சத்தில் பிறந்து வக்கீலானவர் ஆபிரகாம் பாராக் சேலம், 1882 முதல் 1967 வரை வாழ்ந்தவர். செபக்கூடத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார், யூத காந்தி என்று பெயர் வாங்கினார். நாட்குறிப்புகள் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் ஊர்ப் பிள்ளை யாராவது எபிரேயம் படிக்கக் கிளம்பினால், இலக்கணப் புத்தகத்தோடு சேர்த்து முதலில் அவரைப் படி என்றுதான் சொல்வேன்.