இல்லையென்று சொல்லும் கட்டம்

பிழைக்குறிகளுள் எது உயர்ந்தது என்று ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்து எம்.ஐ.எஸ். மேஜைகளில் கேட்டால், கேள்வியே விபரீதம் என்று சிரிப்பவர்கள்தாம் அதிகம். ஆயினும், எக்செல் கட்டங்களோடு பழகிப் பழகி ஒருவகை ருசி ஏற்பட்டுவிட்டவர்கள் #என்/ஏ என்ற குறியைத்தான் சொல்வார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம். #டிவ்/0!, #ரெஃப்!, #வேல்யூ! முதலிய மற்றவையெல்லாம் ஏதோ கெட்டுவிட்டது என்று மட்டுமே அறிவிக்கின்றன. கெடாத கணக்கிலும் கௌரவமாக நிற்கத் தகுந்தது இது ஒன்றே. நாமே மனமறிந்து, அடைப்புக்குறிக்குள் ஒன்றும் இடாமல், என்ஏ() என்று எழுதி வரவழைத்துக்கொள்வதற்கென்றே ஒரு ஃபார்முலாவைப் பெற்றிருப்பதும் இது ஒன்றே.

2020 ஏப்ரல் மாதத்தை எடுத்துக்கொள்வோம். மார்ச் 25-ஆம் தேதி தொடங்கிய ஊரடங்கின் விளைவாக, அம்மாதத்து உள்நாட்டு விற்பனை பூஜ்யம் என்று மாருதி சுஸுகியும், நம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாயும் அறிவித்தன. அது சத்தியமான பூஜ்யம். எண்ணிப் பார்த்தார்கள், ஒரு வண்டியும் விற்கவில்லை. ஆனால் அதே மாதத்தில், கதவடைத்துக் கிடந்த ஏதோ ஒரு தொழிற்சாலையின் தரப் பட்டியலில் ஒரு சப்ளையரின் பிபிஎம் எவ்வளவு? தள்ளுபடியானவை பூஜ்யம், வந்திறங்கியவையும் பூஜ்யம், முன்னதைப் பின்னதால் வகுத்துப் பத்து லட்சத்தால் பெருக்கப் புகுந்தால் எக்செல் #டிவ்/0! என்று கையை விரிக்கும். அந்தக் குறி கண்ணை உறுத்துகிறதே என்று இஃப்எரரைப் போர்த்திக் கமாவுக்குப் பின்னால் ஒரு சைபரை வைத்துவிட்டால், ஒரு நட்டுகூட அனுப்பாத சப்ளையர் அம்மாதத்தின் உத்தமோத்தமராக, பச்சை வர்ணம் பூண்டு, பட்டியலின் சிகரத்தில் வீற்றிருப்பார்.

சைபர் கட்சியாருக்குப் புராதனமான பிரமாணம் ஒன்று உண்டு என்பதை நியாயம் கருதிச் சொல்லியாக வேண்டும். சூன்யத்தைச் சூன்யத்தால் வகுத்தால் சூன்யமே என்று பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். ஆயினும் பிற்காலக் கணிதம் அவரை அவ்விடத்தில் பின்பற்றவில்லை. அவ்வளவு பெரிய மேதையைக் கைவிட்டு எக்செல் நின்ற பக்கத்தில் நிற்க எனக்குத் தயக்கமில்லை.

"ஒரு கட்டத்தில் #என்/ஏ இருந்தால் வரிசை முழுவதும் தீட்டுப்பட்டு, கூட்டலும் சராசரியும் #என்/ஏ ஆகிவிடுகின்றனவே" என்று அவர்கள் ஆட்சேபிப்பதும் அசட்டையாகத் தள்ளத்தக்கதன்று. ஆனால் அதற்குப் பரிகாரம் 2010-லேயே அக்ரிகேட் என்ற ரூபத்தில் வந்துவிட்டது. முதலில் 1, அடுத்து 6 என்று இட்டால், பிழைகளைத் தாண்டிச் சென்று சராசரி சொல்லும். மார்ச்சில் பிபிஎம் 120, மேயில் 180, இடையில் சரக்கே வராத ஏப்ரல் என்று வைத்துக்கொண்டால், அக்ரிகேட் 150 என்று சொல்லுமிடத்தில், சைபர் இட்ட தாள் 100 என்று சாதிக்கும். அந்த ஐம்பது, யாரும் பாடுபடாமல் தரம் உயர்ந்ததாகக் காட்டும் மாயை.

சைபரும் வேண்டாம், குறியும் வேண்டாம் என்று இரட்டை மேற்கோள்களுக்கு நடுவே ஒன்றும் இடாமல் விடுகிற சௌந்தரிய உபாசகர்கள் வேறொரு கட்சி. அவர்களுடைய தாள் பார்வைக்கு நிர்மலமாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டம் காலியா என்று இஸ்பிளாங்கைக் கேட்டால் இல்லை என்கிறது. கவுன்ட்பிளாங்கைக் கேட்டால் ஆம் என்கிறது. கவுன்ட்ஏ-வோ அதை நிரம்பிய கட்டமென்று எண்ணிக்கொண்டு போகிறது. கூட்டல் குறியிட்டுக் கூட்டினால் #வேல்யூ! வந்து நிற்கிறது, கோட்டுப்படம் வரைந்தால் கோடு தடாலென்று பூஜ்யத்தில் விழுகிறது. #என்/ஏ இட்ட மாதத்திலோ கோடு விழுவதில்லை. பந்தியில் ஆள் வராத இலையையும், ஆள் வந்து வேண்டாமென்று மடித்த இலையையும் ஒன்றாக எண்ணுகிறவன், சமையற்காரருக்கு என்ன கணக்குச் சொல்வான்?

இவற்றையெல்லாம்விட அபாயகரமானது, கூச்சலே இல்லாமல் நேர்கின்ற தவறு. பார்ட் நம்பர் பட்டியலில் இருந்து, விலைக் கட்டம் மட்டும் காலியாக இருந்தால், வி-லுக்கப் பிழை சொல்லாமல் 0 என்று கொண்டுவந்து கொடுக்கிறது. அந்தப் பாகம் இலவசமாகக் கிடைப்பதாகக் கணக்கு முடிந்துவிடுகிறது. விலை நிச்சயமாகாத இடத்தில் என்ஏ() என்று எழுதி வைத்திருந்தால் அது மொத்தத் தொகைவரை ஏறிச் சென்று நம்மைத் தடுத்து நிறுத்தியிருக்கும்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளிவரத் தொடங்கிய நாளில் இஃப்எரர் என்பதே கிடையாது. இஃப்புக்குள் இஸ்எரரை வைத்து, ஒரே ஃபார்முலாவை இரண்டு முறை எழுதியாக வேண்டும். அந்த இரண்டாம் முறை எழுதும்போது, பிழை ஏன் வருகிறது என்று ஒரு க்ஷணம் யோசிக்க நேர்ந்தது. எக்செல் 2007 அந்தச் சிரமத்தை நீக்கிற்று. கூடவே யோசனையும் நீங்கிற்று. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிஸான், 2012-ல் டைம்லர் என்று ஆலைகள் பெருகிய காலத்தில் வேலைக்கு வந்த இளைஞர்கள் இஃப்எரர் இல்லாத உலகத்தைக் கண்டவர்களல்லர். #என்/ஏ-வை மட்டும் பிடித்து, மற்றப் பிழைகளை வெளியே விடுகிற விவேகமுள்ள இஃப்என்ஏ 2013-ல் வந்தும், அதை ஆதரிப்பார் சிலரே.

வல்லம் பக்கத்துச் சிறிய பட்டறை ஒன்றின் ஸ்டோர்ஸில் இருந்த ஒரு பெரியவரின் தாளை நான் இன்றும் ஆதர்சமாகக் கருதுகிறேன். அவர் ஒவ்வொரு #என்/ஏ-வுக்கும் பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுதுவார்: "லாரி வரவில்லை", "பில் வந்தது, பெட்டி வரவில்லை", "எண்ணினோம், இன்னும் அளக்கவில்லை." மூன்றும் மூன்று விதமான இல்லாமை, மூன்றுக்கும் மூன்று வேறு ஆட்களைக் கூப்பிட வேண்டும். அந்தத் தாளைப் பார்த்த மாத்திரத்தில், காலையில் முதல் போன் யாருக்கு என்பது விளங்கிவிடும். சைபர்கள் நிறைந்த தாள் யாருக்கும் போன் செய்யச் சொல்வதில்லை.

மானேஜர் முன்னால் இந்தக் குறிகள் அவலட்சணமாகத் தெரிகின்றன என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேஜ் செட்டப்பில், ஷீட் என்ற பகுதியில், பிழைகளை அச்சில் எப்படிக் காட்டுவது என்று கேட்கிற சிறிய பெட்டி ஒன்று உண்டு. அதில் இரட்டைக் கோட்டையோ வெற்றிடத்தையோ தேர்ந்துகொண்டால் காகிதம் சுத்தமாக வரும். ஃபார்முலாவில் ஓர் எழுத்தும் மாறாது. அழகுக்காகப் பொய் எழுத வேண்டிய நிர்ப்பந்தம் இந்தக் கலையில் இல்லவே இல்லை.