கலிங்கம் இழந்த கலிங்கர்

முதற்குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பாடும் கலிங்கத்துப்பரணியில், தோற்றோடிய வீரர் வேடம் புனைந்து உயிர் தப்பும் பகுதி பலராலும் நகைச்சுவைக்காகப் போற்றப்படுவது. வில்லின் நாணைப் பூணூலாக மடித்திட்டுக் கங்கையாடப் போந்த அந்தணர் என்றனர் சிலர். குருதி தோய்ந்த கொடியைப் போர்த்துச் சாக்கியர் என்றனர் சிலர். யானைமணியைத் தாளமாகப் பற்றிப் பாணர் என்றனர் வேறு சிலர். அரையாடை உரியப்பட்டு, மயிரும் பறிபட்டு நின்றோர் அமணர் எனப் பிழைத்தனர்.

‘கலிங்கம்’ என்பது நாட்டையும் ஆடையையும் ஒருங்கே குறித்தலின் சயங்கொண்டாரின் சிலேடை இங்கு எளிதில் அமைகின்றது. எனினும் சிலேடையோடு நின்றுவிடுவதும், இதனைச் சமண எள்ளல் எனக் கூறி அமைவதும் போதா. ஏனைய மூவரும் போர்ப்பொருளை வேறொன்றாக்கினர். நாண் நூலாயிற்று, கொடி துவராடையாயிற்று, மணி தாளமாயிற்று. அமண வேடத்தார்க்கு மாற்றுதற்குப் பொருளே இல்லை. இழப்பே அவர்க்கு வேடம்.

ஆடையற்ற வீரன் எங்கும் இழிவின் வடிவம் அல்லன். பண்டைக் கிரேக்கக் காலாட்படையினர் களத்தில் வெண்கலத் தலைக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்தே பொருதனர். ஆயினும் அந்நாட்டுக் கலைஞர் வீரனைப் பெரும்பாலும் ஆடையின்றிக் கேடயத்தோடும் வேலோடும் படைத்தனர். இத்தாலியின் ரியாச்சே கடலில் 1972இல் கிடைத்த, கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெண்கல வீரர் இருவரும் அத்தகையோரே. படைக்கலம் கையில் இருக்கும்வரை அங்கு வெற்றுடல் பெருமிதமாகின்றது. பரணி காட்டும் கலிங்கரிடம் அப்படைக்கலமும் இல்லை.

மைசூருக்கு வடக்கே, சிரவணபெளகொளாவில் நிற்கும் கோமடேசுவரர் இவ்விரண்டிலும் சேரார். தமையன் பரதனைப் பொருது வென்ற பின்னரே பாகுபலி அனைத்தையும் துறந்தான். ஏறத்தாழ 57 அடி உயரமுள்ள இச்சிலையைக் கி.பி. 981ஐ ஒட்டி எடுப்பித்த சாவுண்டராயனும் கங்கரின் படைத்தலைவனே. அவன் பணியைக் கூறும் கல்வெட்டு சிலையின் அடியில் தமிழிலும் உள்ளது. போரையே தொழிலாகக் கொண்டவன் வணங்கத்தக்கதெனக் கண்டது, படை துறந்தவனின் வெற்றுடல்.

பரணி தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே அச்சிலை நின்றது. அமண வடிவம் வாளைத் தடுக்கும் என்னும் நம்பிக்கை களத்தில் இல்லையேல் கலிங்கரின் வேடம் பயன்பட்டிராது, எள்ளலும் எழுந்திராது. எனவே நகைப்பு துறவியைச் சாராது, துறவாமல் அவ்வடிவம் பூண்டவனையே சாரும். அவர்கள் பிழைத்தனர் என்ற அளவில் புலவர் நிறுத்துகின்றார். சோழவீரர் ஏமாந்தனரா, அறிந்தே விடுத்தனரா என்பதைச் சொல்லவில்லை.