குறும்பும் குழப்பமும்: ஓர் ஆங்கிலப் பெயரடையும் மலையக இலக்கியமும்

டிக்கோயாத் தோட்டமொன்றின் லயத்து வாசலில் துள்ளித் திரியும் சிறுவனைத் தாய் 'சேட்டைக்காரன்' என்கிறாள். அவனது தந்தை கொழுந்து நிறுக்குமிடத்தில் நிறுவை குறைகிறதே என வாய் திறந்தால் 'குழப்பக்காரன்' எனப்படுகிறான். முன்னவனுக்குக் கிடைப்பது செல்லக் கண்டிப்பு. பின்னவனுக்குத் துரைமார் காலத்திற் கிடைத்தது பற்றுச்சீட்டு. வேலையோடு வீடும் பிணைக்கப்பட்டிருந்தமையால், அச்சீட்டு ஒரு குடும்பத்தையே தெருவுக்குக் கொண்டுவர வல்லதாயிருந்தது. தமிழில் இரு சொற்களாக நிற்கும் இந்நிலைகளை ஆங்கிலத்தில் 'மிஸ்சிவஸ்' என்னும் ஒரே பெயரடை சுட்டவல்லது. அதன் பொருள் வரலாறு மலையக இலக்கியத்தை நோக்குவதற்கு எவ்வாறு உதவும் என்பதை இங்கு ஆராய விழைகிறோம்.

பழைய பிரெஞ்சு மொழியில் 'தீய முடிவுக்கு உள்ளாதல்' என்ற பொருளுடைய வினையினின்றும் பிறந்தது இச்சொல். 14ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்திற் புகுந்தபோது அது பேரிடரையும் கேட்டையுமே குறித்தது. விளையாட்டுக் குறும்பு என்னும் மென்பொருள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தலைகாட்டுகிறது. ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் இதன் கொடிய பொருளைக் காண்கிறோம். சீசரைக் கொல்லுதற்கு நியாயந் தேடும் புரூட்டஸ், அவனைப் பாம்பின் முட்டைக்கு ஒப்பிடுகிறான். பொரித்தபின் தன் இனத்தியல்புப்படி தீங்கு செய்யும் என்பதைக் கூற இப்பெயரடையையே கையாளுகிறான். இங்கு அச்சொல் நிகழ்ந்த செயலைக் குறிக்கவில்லை. நிகழக்கூடுமென்ற அச்சத்தையே குறிக்கிறது.

தமிழிலும் இதற்கு ஒப்பான வளர்ச்சி உண்டு. திருக்குறளின் 'நாடு' அதிகாரத்தில் வேந்தனை அலைக்கும் கொலைத்தொழிற் குறும்பரைக் குறித்த 'குறும்பு' என்னும் சொல், இன்று குழந்தையின் விளையாட்டுக்கு உரியதாயிற்று. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள், சிற்றில் சிதைக்க வரும் கண்ணனின் குறும்பைத் 'தீமை' என்றே சுட்டுகிறார். அது சிற்றிலை இழக்கும் சிறுமியர் நிலையினின்று எழுந்த சொல். ஆகவே, இத்தகைய சொற்களின் கடுமையும் மென்மையும் செயலின் தன்மையால் மட்டும் அமைவன அல்ல. யாருடைய அதிகாரம் அல்லது உடைமை அச்சுறுத்தப்படுகிறது, அதைக் கூறுபவர் யார் என்பனவே அவற்றைத் தீர்மானிக்கின்றன. குறும்பரின் அரண்கள் அழிந்தபின் அச்சொல்லுக்கு அஞ்சுவார் இலர். அதனாலேயே அது தொட்டிலுக்கு வந்தது எனலாம்.

மலையக வரலாறு இதனைத் தெளிவாக்குகிறது. டிக்கோயாவை அடுத்த ஹட்டனில் 1931இல் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யரும், கூட்டங்களிற் பாடித் தொழிலாளரைத் திரட்டிய அவர் மனைவி மீனாட்சி அம்மாளும் தோட்ட நிர்வாகங்களின் கண்ணுக்குக் கலகத்தைத் தூண்டுவோராயினர். 1936இல் தேயிலைத் தொழில் பயில வந்த அவுஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டிலை, தொழிலாளர் பக்கம் நின்றமைக்காக, 1937 ஏப்ரலில் ஆளுநர் ஸ்டப்ஸ் நாடுகடத்த ஆணையிட்டார். மே மாதத்தில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பிரேஸ்கேர்டில் செய்தவற்றைவிட, இனிச் செய்யக்கூடியவையே ஆட்சியாளரை அச்சுறுத்தின என எமக்குத் தோன்றுகிறது. புரூட்டஸின் பாம்பு முட்டைத் தருக்கம் இதுவேயாம்.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு எழுகிறது. துரையொருவன் தொழிலாளியை 'மிஸ்சிவஸ்' என்று கூறுவதாகக் கொள்வோம். 'குறும்பான' எனப் பெயர்த்தால் போராட்டம் பிள்ளை விளையாட்டாகிவிடும். 'கலகக்கார' எனப் பெயர்த்தால் துரையின் குற்றச்சாட்டு ஆசிரியரின் கூற்றுப்போல் நிலைபெறும். உண்மையில் தோட்ட அமைப்பு தொழிலாளியைக் குழந்தையாகக் கருதியது. ஆனால் குற்றவாளியாகத் தண்டித்தது. இம்முரண்பாடு முழுவதும் அவ்வொரு பெயரடையில் அடங்கியுள்ளது. எனவே அச்சொல் துரையின் வாய்ச்சொல்லாகவே, அவனது நோக்கு வெளிப்படும் வண்ணம், தமிழில் நிற்றல் வேண்டும்.

முற்போக்கு எழுத்தாளரும் இதில் விழிப்பாயிருத்தல் அவசியம். நிர்வாகம் வசையாகச் சூட்டிய பெயரை வாழ்த்தாக மாற்றிவிடுவதால் மட்டும் இலக்கியம் பிறப்பதில்லை. கலகக்காரன் என்ற ஒற்றைப் பண்பாற் சமைக்கப்பட்ட வீரனும் ஒரு பெயரடையே, மனிதனல்லன். தொழிற்சங்கவாதியாகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் வாழ்ந்த சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' நாவல் எமக்கு முக்கியமாவது இதனாலேயே. சங்கத்தில் ஈடுபட்டவன் இழந்தது யாது என்பதை அதன் தலைப்பே கூறிவிடுகிறது. குழப்பக்காரன் என்பது பிறர் சூட்டிய பெயர். வீடற்றவன் என்பது அவனது வாழ்நிலை. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்வதே யதார்த்தவாதத்தின் பணி.

டிக்கோயாவின் லயத்துச் சிறுவன் இன்று சேட்டைக்காரன். நாளை அவன் தன் உழைப்பின் பெறுமதியைக் கேட்கும்போது அவனுக்கு எப்பெயர் சூட்டப்படும் என்பதை எந்த அகராதியும் முன்கூட்டிச் சொல்லாது. பெயர் சூட்டுபவர் யார் என்று வினவுவதே திறனாய்வின் முதற் கடமை என்பது எமது துணிபு.