கல்வெட்டைப் படிக்கும் முறை

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் 5ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இதனை நம் மேடைகள் அடிக்கடி நினைவுகூர்கின்றன. 'அன்றே நம்மிடம் மருத்துவமனை இருந்தது' என்ற பெருமிதத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கல்வெட்டு சொல்வதோ அதனினும் மிகுதி.

'வீரசோழன்' என்னும் அந்த ஆதுலர் சாலையில் நோயாளர் 15 பேர் தங்கலாம். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் ஊதியம். அறுவை செய்பவர், மூலிகை கொணர்பவர், பணிவிடை செய்யும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் பங்கு வகுக்கப்பட்டுள்ளது. ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகள் பெயரோடு குறிக்கப்பட்டுள்ளன. இரவு விளக்கின் எண்ணெய்கூட விடுபடவில்லை. இவற்றிற்கெல்லாம் வயலைக்காவூரின் வருவாய் ஒதுக்கப்பட்டது. ஆக, இரக்கம் இங்கே வரவு செலவாக மாறியிருக்கிறது. மக்கள் நலம் மன்னனின் மனநிலையை மட்டும் நம்பியிராமல், முறையான ஓர் அமைப்பை நம்பி நின்றது. இக்கல்வெட்டின் உண்மையான சிறப்பு இதுவே.

தெற்கே, அதிகத் தொலைவின்றி, உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் பொறுப்பேற்க இயலாது. எத்துணைக் கடுமையான விதி!

ஆயினும் யாருக்காக என்ற வினாவை நாம் எழுப்பியாக வேண்டும். திருமுக்கூடல் சாலை, கோயில் பணியாளரையும் அங்கே பயின்ற மாணவரையும் சார்ந்தே அமைந்தது. உத்திரமேரூரில் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆடவருக்கே ஓலையில் பெயர் எழுதப்பட்டது. ஏர் பிடித்தவருக்கும் பெண்டிருக்கும் அதில் இடமில்லை. அமைப்பு செம்மையானது, வாசலோ குறுகியது.

அவ்வாசலை 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அகலத் திறந்தன. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பது கட்டாயமாயிற்று. ஆனால் நிகழ்ந்தது என்ன? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தல் நடைபெறவில்லை. வழக்குகளும் மாவட்டப் பிரிவினையும் குறுக்கிட, காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில்தான் வாக்குப்பதிவு நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகள் தனி அலுவலர்களின் ஆட்சி. கொரோனாக் கொள்ளைநோய் வந்தபோதும் இம்மாவட்டத்துச் சிற்றூர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை.

அக்காலத்தில் மருத்துவமனைகள் இயங்கின. நியாயவிலைக் கடைகளில் அரிசியும் கிடைத்தது. எனவே, என்ன குறைந்துவிட்டது என்று கேட்போர் உண்டு. குடிநீர் வராத தெருவினர் தம் வாக்கால் வந்த ஒருவரிடம் சென்று கணக்குக் கேட்கும் உரிமை குறைந்தது. கேட்கும் உரிமையின்றிப் பெறும் நலம் கொடையே. கொடுப்பவர் கை மடக்கினால் அது நின்றுபோகும்.

குடவோலையைக் கொண்டாடும் மண்ணில், வாக்குப் பெட்டி ஐந்தாண்டு வெறுமையாய்க் கிடந்ததைப் பற்றி நம் மேடைகளில் எத்தனை குரல்கள் எழுந்தன? முன்னோரின் கல்வெட்டை நாம் பெருமைக்காக மட்டும் படிப்பது போதாது. அது வகுத்த பொறுப்பை இன்றைய ஆட்சியிடம் கேட்டுப் பெறவும், அது விலக்கி வைத்தவர்களை உள்ளே அழைக்கவும் படிப்போமாக.