பதினெட்டாம் எண்ணில் ஒரு சொல்

குறுக்கெழுத்துக்கு விமர்சனம் எழுத முடியுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். "விடை சரியா தப்பான்னு பாத்துட்டுப் பேப்பரை மடிச்சு வைக்க வேண்டியதுதானே? அதுல விமர்சிக்க என்ன இருக்கு?"

இருக்கிறது. கிரிப்டிக் குறுக்கெழுத்து என்பது ஒருவர் இன்னொருவருக்காக உட்கார்ந்து எழுதும் வாக்கியங்களின் தொகுப்பு. வாக்கியம் என்று வந்துவிட்டால், அது நல்ல வாக்கியமா என்று கேட்கலாம்.

பழக்கமில்லாதவர்களுக்காக நானே கட்டிய ஒரு குறிப்பு: 'தலையிழந்த கவிதையை மண்ணில் போட்டால் முளைக்கும் (2)'. அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. ஏதோ புதுக்கவிதை வரி மாதிரி இருக்கிறதல்லவா? அந்த மயக்கம்தான் பொறி. 'கவிதை'யின் முதல் எழுத்தை வெட்டுங்கள். விதை. மண்ணில் போட்டால் முளைக்கிறது. கிரிப்டிக் குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான். ஒரு பாதி விடையின் பொருளைச் சொல்லும், மறுபாதி விடையைச் செய்யும் முறையைச் சொல்லும். இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே என்பதை மட்டும் சொல்லாது.

இன்னொன்று: 'அப்பா தைத்த சட்டைக்குள் ஒரு வழி (2)'. 'அப்பா தைத்த' என்பதற்குள் 'பாதை' ஒளிந்திருக்கிறது. அழகாக இருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் கறாரான விமர்சகர் உடனே கேட்பார்: "சட்டை எதுக்கு வந்துச்சு?" விடையைச் செய்வதில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. 'அப்பா தைத்ததில் ஒளிந்திருக்கிறது வழி' என்று திருத்தினால் நியாயமான குறிப்பாகிவிடும். ஆனால் அந்தச் சட்டை போய்விடும்.

ஆங்கிலக் குறுக்கெழுத்து உலகின் நீண்ட நாள் சண்டை இதுதான். ஸிமினீஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த டி. எஸ். மக்நட் 1966இல் தன் நூலில் விதிகளை வகுத்தார். ஏமாற்றலாம், ஆனால் ஒரு சொல்கூட வீணாகக் கூடாது. சொல்லியிருக்கும் முறைப்படி செய்தால் விடை வந்தே தீர வேண்டும். எதிர்முனையில் நின்றவர்களில் முக்கியமானவர் அரௌகாரியா. இயற்பெயர் ஜான் கிரஹாம். ஆங்கிலிகன் பாதிரியார். 1958 முதல் கார்டியனில் புதிர் போட்டவர். 'மங்கி பஸில்' என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் மரத்தின் தாவரவியல் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டவர். விதிகளை அவர் அவ்வப்போது வளைப்பார். வாசகர்கள் திட்டிக்கொண்டே ரசித்தார்கள்.

2013 ஜனவரியில் அவருடைய புதிர் ஒன்று வந்தது. கட்டத்துக்கு மேலே சிறிய அறிவிப்பு: அரௌகாரியாவுக்கு 19இல் 18 (மேலிருந்து கீழ்) இருக்கிறது, அதற்கு 13 15 தரப்படுகிறது. எண்கள் மட்டும்தான். அப்போது அவருக்கு 91 வயது.

விடை கண்டவர்களுக்கு 18இல் கேன்சர் கிடைத்தது. 19இல் உணவுக்குழாய். 13, 15 சேர்ந்து பாலியேட்டிவ் கேர், அதாவது குணமாக்க அல்ல, வலியைத் தணிக்கத் தரும் சிகிச்சை. மற்ற விடைகளில் எண்டோஸ்கோபி, ஸ்டென்ட், நர்ஸ், சூரிய அஸ்தமனம்.

இந்தப் புதிரை எப்படி மதிப்பிடுவது? குறுக்கெழுத்து மதிப்புரைகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. ஒவ்வொரு குறிப்பையும் பிரித்துக் காட்டி, நல்லதுக்கு ஒரு 'டிக்', தளர்வானதற்கு ஒரு முணுமுணுப்பு. அந்த வேலை அவசியம். நியாயம் தவறிய குறிப்பு வாசகரின் நேரத்தைத் திருடுகிறது. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், இந்தப் புதிரில் நடந்தது நம் கைக்கு அகப்படாமல் போய்விடும்.

நடந்தது இது. கவிதையிலோ கதையிலோ மரணச் செய்தியை எழுத்தாளர் எழுதுகிறார், நாம் வாசிக்கிறோம். இங்கே அவர் எழுதவில்லை. வெற்றுக் கட்டத்தை நம்மிடம் தந்துவிட்டார். காலையில் காபியோடு உட்கார்ந்த வாசகர் தன் பேனாவால், ஒவ்வோர் எழுத்தாக அந்தச் சொல்லைத் தானே எழுத வேண்டியிருந்தது. விடை கிடைத்ததும் வழக்கமாக வரும் "அட, இதுதானா!" என்ற சந்தோஷமும் அந்தச் சொல்லும் ஒரே நொடியில் வருகின்றன. இதை வேறெந்த இலக்கிய வடிவமும் செய்து நான் பார்த்ததில்லை.

சொல்விளையாட்டு நமக்கு அந்நியமல்ல. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவில் சிலேடை பாடியவர் காளமேகம். ஆனால் சிலேடையில் வித்தை முழுவதும் புலவர் கையில், நாம் கைதட்டலாம். குறுக்கெழுத்தில் நாம் முடித்தால்தான் அது முடிகிறது.

இது அனுதாபம் தேடும் உத்தி இல்லையா என்று கேட்கலாம். நானும் யோசித்தேன். ஆனால் அந்த அறிவிப்பில் ஒரு பெயரடைகூட இல்லை. விடை காண முடியாதவருக்குச் செய்தியும் இல்லை. ஆங்கிலத்தில் கேன்சர் என்பது கடக ராசியும்கூட. புதிரமைப்பவருக்கு அது வழக்கமான இரட்டைப்பொருள் சரக்கு. அரை நூற்றாண்டுக்கு மேல் எந்த வடிவத்தில் வாசகரோடு பேசினாரோ, அதே வடிவத்தில் இதையும் சொன்னார். அதனால்தான் இந்தப் புதிருக்குக் கருணை மதிப்பெண் போடக் கூடாது என்கிறேன். தளர்ந்த குறிப்பு இருந்தால் தளர்ச்சி என்றே எழுத வேண்டும். மரியாதை என்பது அதுதான்.

எனக்கு இதிலிருந்து கிடைத்தது ஒரு கூடுதல் கேள்வி. குறிப்பு நியாயமா என்று பார்த்தாகிவிட்டது, வாக்கியம் இயல்பா என்றும் பார்த்தாகிவிட்டது. இந்தப் புதிர் என்னை எந்தச் சொல்லை எழுத வைத்தது? பெரும்பாலான நாட்களில் பதில் 'ஒன்றுமில்லை' என்றுதான் வரும். பரவாயில்லை, எல்லா நாளும் அப்படி இருக்க வேண்டியதில்லை.

அவர் அந்த ஆண்டு நவம்பர் 26 அன்று இறந்தார். நண்பரிடம் புதிரின் மேலிருந்த அறிவிப்பை மட்டும் படித்துக் காட்டினேன்.

"18 என்னது?" என்றார்.

"நீங்களே போட்டுப் பாருங்க" என்றேன்.