வலது அறையின் பக்குவம்

இதயம் என்றாலே இடது கீழறையின் பலத்தைத்தான் புகழ்கிறோம். எனக்கு வலது கீழறைதான் பிடிக்கும். மெல்லிய சுவர். நுரையீரலுக்கு ரத்தம் அனுப்ப அது தரும் அழுத்தம் சுமார் 25 மி.மீ. பாதரசம், கையில் பட்டை கட்டி அளக்கிறோமே, அந்த 120-இல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அழுத்தம் மிகவும் கூடிவிட்டால் காற்று நுண்ணறைகளில் நீர் கசியும். அங்கே காற்றையும் ரத்தத்தையும் பிரிக்கும் சவ்வு ஒரு மைக்ரான்கூட இல்லை! ஓய்வாக இருக்கும்போது சிவப்பணு அங்குள்ள ரத்த நுண்குழாயைக் கடக்க முக்கால் நொடி. அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே ஆக்சிஜன் நிரம்பிவிடுகிறது. கருஞ்சிவப்பாகப் போன ரத்தம் செக்கச்செவேலென்று இடது மேலறைக்கு வருகிறது.

இதயத்தின் நடுச்சுவரில் துளை கிடையாது, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் போயாக வேண்டும் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர், கெய்ரோவில் மருத்துவம் பார்த்த இப்னு அல்-நஃபீஸ். ரத்த ஓட்டத்தை விளக்கிய ஹார்வியின் நூல் வந்தது 1628-இல்.