சூழல் மாறிகளில் ரகசியம் தங்குமா?

இணையச் செயலிகளை ஓட்டித்தரும் ஹெரோகு சேவையின் நிறுவனர்களில் ஒருவரான ஆடம் விக்கின்ஸ் 2011 வாக்கில் இணையச் செயலிகளுக்கென்று பன்னிரண்டு விதிகளை எழுதி வெளியிட்டார். மூன்றாவது விதி எளிமையானது. தரவுத்தளக் கடவுச்சொல், மின்னஞ்சல் சேவையின் சாவி போன்றவற்றை நிரலுக்குள் எழுதாதே. இயங்குதளம் ஒவ்வொரு நிரலையும் தொடங்கும்போது அதன் கையில் கொடுக்கும் சூழல் மாறிகளில் வை. விதியைச் சரியாகக் கடைப்பிடித்தோமா என்று பார்க்க ஒரு சோதனையும் தந்தார்: உங்கள் நிரல் முழுவதையும் இந்த நிமிடமே ஊரறிய வெளியிட்டால் ஏதாவது சாவி பறிபோகுமா?

இந்த விதி வந்ததற்கு வலுவான காரணம் உண்டு. நிரலின் பதிப்புகளைச் சேமித்துவைக்கும் கிட் களஞ்சியம் எதையும் மறப்பதில்லை. இன்று எழுதிய கடவுச்சொல்லை நாளை அழித்தாலும் பழைய பதிப்பில் அது அப்படியே கிடக்கும். 2016-இல் உபர் பொறியாளர்களின் தனிப்பட்ட கிட்ஹப் களஞ்சியத்துக்குள் நுழைந்தவர்கள் அங்கே கிடந்த அமேசான் மேகச் சேவைச் சாவியைக் கொண்டு 5.7 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள். டொயோட்டா கார்களுக்கான டி-கனெக்ட் இணையச் சேவையில் நடந்தது இன்னும் சங்கடமானது. ஒப்பந்த நிறுவனம் ஒன்று 2017 டிசம்பரில் நிரலின் ஒரு பகுதியைப் பொதுவில் ஏற்றிவிட்டது. அதற்குள் சாவி இருந்ததை 2022 செப்டம்பர் வரை யாரும் கவனிக்கவில்லை. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் ஏறக்குறைய ஐந்தாண்டுகள் ஆபத்தில் இருந்தன. மூன்றாவது விதியைப் பின்பற்றியிருந்தால் இரண்டுமே இந்த வழியில் நடந்திருக்காது.

விதிக்கு வேறு நன்மைகளும் உண்டு. எந்த மொழியிலும் எந்த இயங்குதளத்திலும் செல்லும். சோதனை சர்வரிலிருந்து உண்மையான சர்வருக்கு மாறும்போது நிரலில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியதில்லை. நிரலைப் படிக்கும் எல்லோருக்கும் உண்மைச் சர்வரின் கடவுச்சொல் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இன்று ஏறக்குறைய எல்லா இணையத் தளமேடைகளும் சூழல் மாறிகளுக்கென்று தனிப் பக்கம் வைத்திருப்பது இதனால்தான்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. விக்கின்ஸின் சோதனை களஞ்சியத்தைப் பற்றி மட்டுமே கேட்கிறது. செயலி ஓடத் தொடங்கிய பிறகு சாவியை யார் யார் பார்க்கலாம் என்று அது கேட்பதே இல்லை. விடை: செயலிக்குள் இருக்கும் எல்லோரும். நீங்கள் இணைத்த ஒவ்வொரு நூலகமும் அதைப் படிக்கலாம். செயலி தொடங்கும் துணை நிரல்களுக்கும் அது தானாகவே போய்ச் சேர்கிறது. பிழை அறிக்கைகளும் டீபக் பக்கங்களும் சூழல் மாறிகளை மொத்தமாகக் கொட்டிவிடும் பழக்கம் உடையவை. மண்டபத்தின் முகவரியையும் பெட்டகத்தின் பூட்டு எண்ணையும் ஒரே அழைப்பிதழில் அச்சடித்தது போன்ற ஏற்பாடு இது.

கோப்புப் பகிர்வு மென்பொருளான ஓன்கிளவுடில் 2023 நவம்பரில் வெளிவந்த ஓட்டை இதற்குக் கச்சிதமான சான்று. அதன் துணைச் செயலி ஒன்று வெளி நூலகம் ஒன்றைப் பயன்படுத்தியது. அந்த நூலகத்தின் சோதனைக் கோப்பு பிஎச்பி அமைப்பு விவரங்களை யார் கேட்டாலும் காட்டியது. கண்டெய்னரில் நிறுவியவர்களின் நிர்வாகிக் கடவுச்சொல் சூழல் மாறியில் இருந்ததால், ஒரு பக்கத்தைத் திறப்பதே திருட்டுக்குப் போதுமானதாக இருந்தது. ஓட்டையின் தீவிரத்துக்கு 10-க்கு 10 கொடுத்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் மினியோ சேமிப்பகத்திலும் இதே கதை: பல சர்வர்களாக நிறுவியிருந்தால் ஒரே ஒரு கோரிக்கைக்கு எல்லாச் சூழல் மாறிகளும், முதன்மை நிர்வாகியின் கடவுச்சொல் உட்பட, பதிலாக வந்தன.

நிரல் சோதனைகளை அளக்கும் கோட்கவ் நிறுவனத்தைத் தாக்கியவர்கள் இந்த ஏற்பாட்டை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 2021 ஜனவரி இறுதியில் அந்நிறுவனத்தின் பதிவேற்ற ஸ்கிரிப்டில் ஒரு வரியைச் செருகினார்கள். அது இயங்கும் இடத்தின் சூழல் மாறிகளை எல்லாம் வெளிச் சர்வருக்கு அனுப்பியது. சாவிகளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. வாடிக்கையாளர்களே ஓரிடத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஏப்ரல் முதல் நாள் வாடிக்கையாளர் ஒருவர் கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும்வரை இது தொடர்ந்தது.

நடைமுறையில் விதி மறுபடியும் கோப்பாகவே மாறிவிட்டது என்பது இன்னொரு வேடிக்கை. முப்பது மாறிகளை யார் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்வது? அதனால் ‘.என்வ்’ (.env) என்று ஒரு கோப்பு பிறந்தது. லாராவெல் போன்ற கட்டமைப்புகளில் அது பொதுக் கோப்புறைக்கு வெளியே இருக்க வேண்டும். மலிவு ஹோஸ்டிங்கில் முழுத் திட்டத்தையும் பொதுக் கோப்புறையில் கொட்டுகிறவர்களுக்கு அந்தக் கோப்பு வெறும் எழுத்தாக உலகத்துக்கே திறந்துவிடுகிறது. 2024 ஆகஸ்டில் பாலோ ஆல்டோ நிறுவனத்தின் யூனிட் 42 குழு, 1,10,000 டொமைன்களில் இக்கோப்பைத் தேடி 90,000-க்கு மேற்பட்ட மாறிகளைத் திரட்டிய கும்பலைப் பற்றி எழுதியது. கிடைத்த அமேசான் சாவிகளுக்கு முழு நிர்வாக உரிமை இல்லை; ஆனால் புதிய உரிமைகளை உருவாக்கும் அனுமதி இருந்தது. அதுவே போதுமானதாகிவிட்டது.

செயலிக்குள் எதிரி நுழைந்துவிட்டால் சாவி எங்கே இருந்தால் என்ன என்று சிலர் வாதிடுவார்கள். பாதி உண்மை. 2022 டிசம்பரில், நிரல்களைச் சோதித்து வெளியிட உதவும் சர்க்கிள்சிஐ நிறுவனப் பொறியாளர் ஒருவரின் மடிக்கணினி வழியே நுழைந்தவர்கள், ஓடிக்கொண்டிருந்த நிரலிலிருந்தே குறியாக்கச் சாவிகளை எடுத்தார்கள். குறியாக்கம் செய்து வைத்திருந்தும் பயனில்லாமல், எல்லா ரகசியங்களையும் மாற்றுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் ஓன்கிளவுடிலும் மினியோவிலும் அந்த ஓட்டைகள் வழியே எவரும் எந்த நிரலையும் ஓட்ட வேண்டியிருக்கவில்லை. வெறுமனே பார்த்தார்கள். சாவி தனிக் கோப்பிலோ பெட்டகச் சேவையிலோ இருந்திருந்தால் அந்தப் பார்வைக்குச் சிக்கியிருக்காது.

குறைந்த நேரமே செல்லும் தற்காலிகச் சாவிகள் இன்னும் மேலானவை. தேவைப்படும்போது மட்டும் நிரலை ஓட்டும் அமேசான் லாம்டா சேவை தன் சாவிகளைச் சூழல் மாறியில்தான் வைக்கிறது, ஆனால் அவை விரைவில் காலாவதியாகும். இதுவும் முழுக் கவசம் அல்ல: 2019-இல் கேபிடல் ஒன் வங்கியிலிருந்து அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 கோடிப் பேரின் விவரங்கள் போனது அத்தகைய சாவி வழியேதான். ஆயினும் ஐந்தாண்டுகள் உயிரோடிருந்த டொயோட்டா சாவியோடு ஒப்பிட்டால் எதைத் தேர்வது என்பதில் எனக்கு ஐயமில்லை. மூன்றாவது விதியை இரண்டாக உடைக்க வேண்டும்: முகவரியும் போர்ட் எண்ணும் சூழல் மாறியிலேயே இருக்கட்டும், கடவுச்சொல் அங்கிருந்து வெளியேறட்டும்.

சொந்தமாகத் தளம் நடத்துகிறவரானால் இன்றே உங்கள் தள முகவரியின் பின்னால் ‘/.என்வ்’ கோப்பின் பெயரை ஆங்கிலத்தில் சேர்த்துத் திறந்து பாருங்கள். கோப்பு தெரிந்தால் முதலில் அதை மூடுங்கள். அதோடு நிறுத்திவிடாமல் அதில் இருந்த ஒவ்வொரு சாவியையும் மாற்றுங்கள். உங்களுக்கு முன்பே யாரோ அதைப் படித்திருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.